மூன்றாம் பருவத்தில் விரல் அசையக் கூடாது

கோட்டாறில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் இரண்டாம் மாடியில் நடக்கிறது புதுத்தளிர் மறுவாழ்வு ஆலோசனைக் கல்லூரி. நோயிலும் விபத்திலும் கையோ காலோ பேச்சோ போனவர்களை மறுபடி வாழ்க்கைக்குக் கொண்டுவருவது எப்படி என்று அங்கே இரண்டு வருடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். மாடிக்குப் போகச் செங்குத்தான படிக்கட்டு ஒன்றுதான் வழி. லிஃப்ட் கிடையாது. சாய்தளம் கிடையாது. கைப்பிடிக் கம்பி ஒன்று இருந்தது, போன தடவை பெயின்ட் அடித்தபோது அழகாக இல்லை என்று எடுத்துவிட்டார்கள். முடியாதவர்கள் எப்படி ஏறி வருவார்கள் என்று கேட்டால் முதல்வர் முனைவர் கணபதியப்பன் கோபப்பட மாட்டார்.

"ஏற முடியாதுங்கிறதை ஏற்றுக்கொண்ட மனிதன் கீழேயே நிம்மதியாக இருப்பான். அந்த நிம்மதியைத்தான் நாம் இங்கே கற்பிக்கிறோம்" என்பார்.

கீழே அவர்களுக்காக ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள்.

முதல்வர் முனைவர் பட்டம் வாங்கியதே இழப்பை ஏற்பது எப்படி என்ற ஆய்வுக்குத்தான். அவர் தம் வாழ்க்கையில் இழந்தது தலைமுடி ஒன்றைத்தான். அதற்கு விக் வைத்திருக்கிறார். மண்டபக்காரர்கள் விட்டுப்போன மாப்பிள்ளை சிம்மாசனம் மேடையில் அப்படியே கிடப்பதால் அதில் உட்கார்ந்துதான் பாடம் நடத்துவார். பக்கத்தில் இருக்கும் மணப்பெண்ணுக்கான நாற்காலியில் விரிவுரையாளர் அஸ்வதி உட்காருவாள். இதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. கல்லூரியில் வேறு நல்ல நாற்காலி கிடையாது.

இந்தக் கல்லூரிக்கு எபிசன் வந்து சேர்ந்ததற்கு ஒரு மழைநாள் காரணம். அவன் கீரிப்பாறையில் ரப்பர் மரத்தைக் கத்தியால் கீறிப் பால்வெட்டுகிறவன். வேலை முடிந்து வரும்போது பைக் சறுக்கி ஓடைக்குள் போனது. உடைந்த பாட்டில் ஒன்று வலது மணிக்கட்டைக் கிழித்து நரம்பை அறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் ரஷ்மி அவனிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்.

"அண்ணே, நரம்பு பையத்தான் வளரும். அது வந்து சேரது வரைக்கும் மூட்டு இறுகாம பாத்துக்கிடணும். தெனமும் மத்த கையால விரலை மடக்கி நிமித்துங்க. மடி பிடிச்சு, இன்னைக்கு வேண்டாம்னு விட்டுட்டியள்னா, நரம்பு வந்து சேரும்போ விரல் மரமாட்டு நிக்கும்."

"கத்தி பிடிக்க முடியுமா?"

"விடாம செஞ்சா பிடிக்கலாம்."

விடாமல் செய்தான். பஸ்ஸில், சர்ச்சில், சாப்பிட்டு முடித்த இலைக்கு முன்னால், எங்கே உட்கார்ந்தாலும் இடது கை வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்திக்கொண்டிருக்கும். பிரசங்கத்தின் நடுவில் அவன் விரல்களைப் பார்த்துப் போதகரே ஒரு வசனத்தைத் தவறவிட்டிருக்கிறார்.

அவன் மனைவி ஜெனிலா பி.ஏ. படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மறுவாழ்வு ஆலோசனை படித்தால் ஆஸ்பத்திரியில் வேலை உறுதி என்று கேள்விப்பட்டாள். படித்த படிப்பை வைத்து எபிசன் கையையும் சரியாக்கிவிடலாம் என்று அவளுக்கு ஒரு கணக்கு. சேரப் போன அன்று அஸ்வதி ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். ஒவ்வொரு மாணவரும் தனக்கென்று ஒரு பயனாளியைக் கூட்டிவர வேண்டும்.

"மெடிக்கல் காலேஜ்ல பிணம் இருக்குல்லா. நமக்கு அந்த வசதி கிடையாது" என்றாள்.

"எங்க வீட்டுக்காரரு இருக்காரு மேடம்."

"கொள்ளாம், நல்லதுதான். என்ன போச்சு?"

"வலது கை. ஆனா வந்துரும்னு சொல்லியிருக்காவ."

அஸ்வதி முகம் கொஞ்சம் சுருங்கியது. "சரி பரவால்ல. கூட்டிட்டு வா" என்றாள்.

முதல் நாள் முதல்வர் சிம்மாசனத்திலிருந்து எழுந்து நின்று பாடத்திட்டத்தை விளக்கினார். இழப்பை அடைந்த மனம் நான்கு படிகளில் ஏறுகிறது. முதலில் மறுப்பு, பிறகு கோபம், பிறகு துக்கம், கடைசியில் ஏற்பு. கல்லூரிக்கும் நான்கு பருவங்கள். பருவத்துக்கு ஒரு படி.

"மனித மனமும் பல்கலைக்கழகமும் இவ்வளவு பொருத்தமாக அமைந்தது தற்செயல் அல்ல" என்றார். "பயனாளி ஒருநாள் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. முந்தினால் மாணவர் தோல்வி. பிந்தினாலும் மாணவர் தோல்வி. பாதியில் பயனாளி குணமாகிப் போய்விட்டால் மாணவர் புதுப் பயனாளியோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே உங்கள் பயனாளியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்."

எல்லாரும் கைதட்டினார்கள். எபிசனும் இடது கையால் தொடையில் தட்டினான். ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் பெரிய விஷயம்போல் பட்டது.

முதல் பருவம் சுகமாகப் போயிற்று. எபிசன் வகுப்பில் உட்கார்ந்து விரலை மடக்கி நிமிர்த்துவான். அஸ்வதி அவனைச் சுட்டிக் காட்டுவாள். "எல்லாரும் பாருங்க. கை போனது இவரு மனசுக்கு இன்னும் தெரியல்ல. எப்படி முயற்சி பண்ணுதாரு பாருங்க. இதுதான் மறுப்பு." மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். ஜெனிலா வகுப்பில் முதலாவதாக வந்தாள். இவ்வளவு அருமையான மறுப்பைத் தாம் இதுவரை கண்டதில்லை என்று முதல்வர் எபிசனுக்குப் பொன்னாடை போர்த்தினார். பயிற்சியை மெச்சுகிறார் என்று நினைத்து எபிசன் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செய்தான்.

அங்கேதான் அவனுக்குச் செல்லக்கனி பழக்கமானாள். திருவட்டாறு பக்கம் அவளுக்கு வீடு. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, பல வருடம் முன்பே எழுந்து நடமாடத் தொடங்கியவள். பஸ்ஸில் வந்து இறங்கி, கீழே மடக்கி வைத்திருக்கும் சக்கர நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு இரண்டு மாடியும் ஏறி, மேலே போய் விரித்து அதில் உட்கார்ந்துகொள்வாள். உட்கார்ந்ததும் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். வருடா வருடம் சேரும் எத்தனையோ அணி மாணவர்கள் அவளை வைத்துப் பாஸாகியிருக்கிறார்கள்.

"நடப்பேன்னு தெரிஞ்சா இவிய என்னைய அனுப்பிருவாவ மக்கா. மத்தியானச் சோறு போச்சு" என்று அவள் எபிசனிடம் ரகசியமாகச் சொன்னாள். "நீயும் கொஞ்சம் சூதானமா இருந்துக்கோ. விரலை ரொம்ப இளக்காத."

இரண்டாம் பருவம் வந்தது. எபிசன் கோபப்பட வேண்டும். இதில்தான் சிக்கல். அவன் சுபாவத்திலேயே கோபம் இல்லை. காத்திருக்க வைத்துப் பார்த்தார்கள். பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டான். செருப்பை ஒளித்துவைத்தார்கள். வெறுங்காலோடு கீரிப்பாறைக்குப் போய்விட்டான். ஜெனிலாவின் மதிப்பெண் இறங்கத் தொடங்கியது. பருவம் முடியும் சமயத்தில் அஸ்வதி ஒரு செய்முறைப் பயிற்சி வைத்தாள். அவனை மேடையில் உட்கார வைத்து, மாணவர்கள் வரிசையாக வந்து அவன் முகத்தைப் பார்த்து ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் கை இனி வராது.

மாணவர்கள் மரியாதையான பிள்ளைகள். "உங்க கை இனி வராது அண்ணே" என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு போனார்கள். எபிசனும் ஒவ்வொருவருக்கும் "சரி மக்கா" என்றான். கடைசியில் ஜெனிலா வந்து நின்றாள்.

அவள் தரையைப் பார்த்தாள். அஸ்வதி, "முகத்தைப் பாத்துச் சொல்லு. இல்லன்னா மார்க் கிடையாது" என்றாள்.

"உங்க கை இனி வராது" என்றாள் ஜெனிலா.

எபிசன் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தான். "ஏட்டி, நீயுமா?" என்று அவன் போட்ட சத்தத்தில் கீழே ரோட்டில் போனவர்கள் நின்று மேலே பார்த்தார்கள். மண்டபம் முழுக்கக் கைதட்டல். முதல்வர் கண்களைத் துடைத்துக்கொண்டார். ஜெனிலா மறுபடியும் முதலாவதாக வந்தாள்.

அன்றைக்கு பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். தடிக்காரன்கோணம் தாண்டியதும் அவள் மெதுவாக அவன் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்தினாள். மனசுக்குள் அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவனுக்குத் தெரியும்.

மூன்றாம் பருவம் பாதி தாண்டியதும் விரல் அசைந்தது.

மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தான். இலையில் இருந்த பப்படத்தை எடுக்க வலது கை தானாகப் போனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தன. பப்படம் பொடிந்து விழுந்தது. எபிசன் பொடிந்த பப்படத்தைப் பார்த்து அழுதான், ஜெனிலாவும் அழுதாள், பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். ரஷ்மிக்கு போன் போட்டார்கள். அவள், "நரம்பு வரத் தொடங்கியாச்சு அண்ணே, இனிமதான் கூடுதலா செய்யணும். இப்ப விட்டிராதீங்க" என்றாள்.

அத்தோடு ஜெனிலா நின்றிருக்கலாம். நன்றாகப் படிக்கிற பிள்ளை, வாத்தியாரிடம் எதையும் மறைக்கத் தெரியாது. மறுநாள் வகுப்பில் எழுந்து சொல்லிவிட்டாள்.

முதல்வர் மேடையிலிருந்து இறங்கி வந்து எபிசன் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரல் அசைந்தது. மேடைத் தமிழ் அவரைவிட்டு ஓடிப்போனது.

"என்னவேய் இது?"

"அசையுது சார்."

"அது தெரியுது. மூணாம் பருவத்துல எதுக்கு அசையுது? இப்ப நீரு துக்கத்துல இருக்கணும்வேய்."

"சந்தோசமாட்டு இருக்கு சார்."

"சந்தோசம் நம்ம பாடத்திட்டத்துலயே கிடையாது. எத்தனையோ அணியை வெளிய அனுப்பியிருக்கேன், ஒருத்தன் சந்தோசப்பட்டது கிடையாது. வெளியேயிருந்து தேர்வாளர் வருவாரு. துக்கம் எங்கன்னு கேப்பாரு. விரலைக் காட்டுவீரா? இவ ரெண்டு வருசப் படிப்பும் ஒரு விரலுல போயிரும்."

ஜெனிலா பதறிப்போனாள். "என்ன செய்யணும் சார்?"

முதல்வர் மூச்சை இழுத்துவிட்டார். மேடைத் தமிழ் திரும்பி வந்தது. "துக்கத்தில் இருப்பவன் பயிற்சி செய்ய மாட்டான். கை அசைவது வெளியே தெரியாதிருக்க ஒரு கட்டு போடுவோம். அடுத்த மாதமே தேர்வு. அதற்குப் பிறகு அவர் விருப்பம்போல் அசைத்துக்கொள்ளட்டும்."

"பயிற்சியை விட்டா விரல் இறுகிரும்னு சொல்லியிருக்காவ சார்" என்றான் எபிசன்.

"விரல் எங்கவேய் போவும்? கையிலதான இருக்கும்" என்றார் முதல்வர்.

அஸ்வதி தாமதிக்கவில்லை. மாவுக்கட்டு போடும் செய்முறை வகுப்பு எப்படியும் பாக்கி இருந்தது. மாணவர்கள் சுற்றி நின்று, விரல்நுனி வரைக்கும், ஒருவர் மாற்றி ஒருவர் கட்டினார்கள். முதல் தடவை ஆகையால் கொஞ்சம் கனமாகவே விழுந்துவிட்டது.

அடுத்த மாதம் தேர்வு வரவில்லை. வெளியேயிருந்து வர வேண்டிய தேர்வாளருக்கு மூட்டு மாற்று ஆபரேஷன். தேர்வைத் தள்ளிவைத்தார்கள். ஓணம் வந்து போனது. தேர்வாளர் இன்னும் வாக்கரில்தான் நடக்கிறார் என்றார்கள். மழைக்காலம் வந்தது. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார், பயிற்சியை ஒரு நாள்கூட விடுவதில்லையாம் என்று முதல்வர் வகுப்பில் பெருமையாகச் சொன்னார். மூன்றாம் பருவத் தேர்வையும் நான்காம் பருவத் தேர்வையும் ஒன்றாக நடத்திவிடலாம் என்று முடிவானது. கட்டு அழுக்கேறிக் கறுத்துப்போனது.

ஒருநாள் எபிசன் அடுக்களையில் காய் நறுக்கும் கத்தியை இடது கையில் எடுத்துக் கட்டின்மேல் வைத்தான். ஜெனிலா ஓடிவந்து பிடித்தாள்.

"அறுத்துப் போடாதிங்க."

"உள்ள விரல் இருக்கான்னே தெரியல்ல ஏட்டி. ரஷ்மிகிட்ட ஒருக்கா போயிட்டு வாறேன்."

"அவிய கட்டைப் பாத்தா உடனே வெட்டிருவாவ. பெறவு துக்கம் இல்லன்னு காலேஜ்ல என்னைத் தோக்கடிச்சிருவாவ. மறுபடி முதல்லேருந்து ரெண்டு வருசம். நீங்களும் வேலைக்குப் போவ முடியாம, எனக்கும் வேலை இல்லாம, நாம என்ன செய்வோம்? சார் சொல்லுதாருல்லா, விரல் எங்கயும் போவாதுன்னு."

எபிசன் கத்தியைக் கீழே வைத்தான். "ரெண்டு பேருல ஒருத்தராவது ஜெயிக்கணும். நீ படி" என்றான்.

அவனுக்குத் துக்கம் வந்தது அன்றைக்குத்தான். மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ஜெனிலா அதைக் கல்லூரியில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும்.

கிறிஸ்மஸ் கழிந்து தேர்வாளர் வந்தார். கம்பு இல்லாமல் வந்தார். இரண்டு மாடியும் ஏறி வந்து, கைப்பிடி வைக்காத முட்டாள் யார் என்று கேட்டார். முதல்வர் அவருக்கு இளநீர் கொடுத்துச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார். செல்லக்கனி முதலில் போய் அருமையாக ஏற்றுக்கொண்டு திரும்பினாள். பிறகு எபிசன்.

"ஏற்றுக்கொண்டீர்களா?" என்றார் தேர்வாளர்.

"எதை சார்?"

அஸ்வதியின் பேனா நின்றது. எபிசன் ஜெனிலாவைப் பார்த்தான். அவள் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏத்துக்கிட்டேன் சார்" என்றான்.

"கையை அசைக்க வேண்டும் என்று ஆசை வருகிறதா?"

"இல்ல சார்."

"மறுபடி வேலைக்குப் போக வேண்டும் என்று?"

"இல்ல சார்."

"மிக நன்று" என்றார் தேர்வாளர். அவருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. எழுந்து மாணவர்களைப் பார்த்துப் பேசினார். "இந்த மனிதரிடமிருந்து நான் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு இந்தப் பக்குவம் இல்லை. டாக்டர் சொன்ன பயிற்சியை வெறிபிடித்தவன்போல் செய்தேன். ஒருவாரம் விட்டிருந்தாலும் என் முட்டி இறுகியிருக்கும்." வேட்டியை முழங்காலுக்குமேல் தூக்கி, காலை மடக்கி நீட்டிக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஜெனிலாவுக்குத் தங்கப் பதக்கம். ஆஸ்பத்திரி வேலை என்றது கல்லூரி வேலையாக மாறியிருந்தது. புது அணிக்கு அவள் உதவி விரிவுரையாளர்.

கட்டை ரஷ்மிதான் வெட்டி எடுத்தாள். உள்ளே இருந்தது ஒரு மெலிந்த கை. விரல்கள் வளைந்தபடி நின்றன. ரஷ்மி ஒன்றைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தாள். எபிசன் பல்லைக் கடித்தான். அடுத்ததைப் பார்த்தாள். பிறகு கையை மேசைமேல் மெல்ல வைத்துவிட்டாள்.

"நரம்பு முழுக்க வந்து சேந்திருக்கு அண்ணே. நல்லா வந்திருக்கு" என்றாள். "மூட்டுதான் எல்லாம் கட்டிப்போச்சு. யாரு இதைக் கட்டச் சொன்னது?"

எபிசன் ஜெனிலாவைப் பார்க்கவில்லை. அவள்தான் கேட்டாள். "கத்தி பிடிக்க முடியாதா?"

"ஆபரேஷன் பண்ணினா ஒரு டம்ளர் பிடிக்கலாமாக்கும். கத்தி முடியாது அக்கா."

புது அணியின் தொடக்க விழா அன்று காலையில் ஜெனிலா தனியாகப் படியேறி வந்தாள். மண்டபம் நிறைய மாணவர்கள். தங்கப் பதக்கம் வாங்கியவர் வாழ்த்துரை வழங்குவார் என்று அஸ்வதி அறிவித்தாள். ஜெனிலா மைக்கைப் பிடித்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்க கையைக் கெடுத்தது நீங்களாக்கும்" என்றாள் முதல்வரைப் பார்த்து. "வந்த கையை. பப்படம் எடுத்த கையை. நானும் கூடச் சேந்து கெடுத்தேன். இந்தப் பிள்ளையளாவது வீட்டுக்குப் போகட்டும். போங்க மக்கா. எல்லாரும் எழும்பிப் போங்க!"

அவள் மைக்கைத் தரையில் அடித்தாள். அது கீச்சென்று கத்தியது. யாரும் எழுந்து போகவில்லை. முதல்வர் சிம்மாசனத்தில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"கவனியுங்கள். குரல் உயர்கிறது. பிறர்மேல் பழி வருகிறது. தன்மேலும் பழி வருகிறது. இது எந்தப் பருவம்?"

"ரெண்டாம் பருவம் சார்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஜெனிலா அவரை நோக்கி இரண்டு அடி வைத்தாள். பிறகு மேடையிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"சார், மூணாம் பருவமும் வந்தாச்சு" என்றான் ஒருவன் உற்சாகமாக.

"அவசரம் கூடாது. முறைப்படி முதலிலிருந்து கொண்டுவர வேண்டும்" என்றார் முதல்வர். அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. சபையைப் பார்த்துக் கேட்டார். "இங்கே யாருக்காவது இன்னும் பயனாளி கிடைக்காமல் இருக்கிறதா?"

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. ஜாஸ்மி என்ற பெண். வீட்டில் எல்லாரும் ஆரோக்கியமாக இருப்பதால் சேர்வதற்கே யோசித்தவள். அவள் முகம் மலர்ந்துபோய் மேடைக்கு ஓடிவந்தாள். நல்ல பிள்ளை. முழங்காலிட்டு உட்கார்ந்து, தன் கைக்குட்டையால் ஜெனிலாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இடையில சரியாயிர மாட்டியள்லா?" என்று கேட்டாள்.